மதிலில் காய்ந்த ஒற்றைத் தலையணை

ஸுபஹ் தொழுதுவிட்டுக் கோழிக்கூட்டைத் திறக்கப் போனேன். வளவின் கிழக்கு மதிலில், வெயில் முதலில் விழுகிற இடத்தில், ஒரு தலையணை கிடந்தது. ஒன்றே ஒன்று.

மகளின் கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. மதிலில் தலையணை கிடப்பது அதிசயமில்லை. கடலுக்கு இரண்டு வீதி தள்ளியிருக்கிற எங்கள் கல்முனைக்குடி வீடுகளில் எல்லாமே ஈரித்துப் போகும்: உப்பு, தீப்பெட்டி, அப்பளம், மனிதர்கள். ஆனால் இவை கல்யாணத்துக்கென்று நான் சோடியாகத் தைப்பித்தவை. ஓரத்தில் பச்சை நூலால் பூப்போட்டது மகளுக்கு, நீலம் மருமகனுக்கு. மதிலில் கிடந்தது நீலம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் ஓரமாக, சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு வட்டம். தொட்டேன். ஈரம்.

அடுத்த நாளும் நீலம். அதற்கடுத்த நாளும் நீலம். பழைய வட்டத்தின் மேல் புது வட்டம். பச்சைத் தலையணை ஒரு நாளும் வெளியே வரவில்லை.

நான்காம் நாள் எனக்கு விளங்கிவிட்டது. மருமகன் அழுகிறார்.

கண்ணீரில் உப்பு இருக்கும் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். சோதித்துப் பார்க்க வழி இருந்தது. நாக்கு நுனியை வைத்தால் போதும். குனிந்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சேவல் கூவியது. யாரோ வருகிறார்கள் என்று திடுக்கிட்டு நிமிர்ந்தேன். இதை முடிவு வரை வாசிக்கிறவர்கள் அந்தச் சேவலுக்கு நன்றி சொல்வார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியைக் கல்யாணப் பந்தல் பிரித்த கதையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரக் கதையை எழுதலாமா என்று மருமகனிடமே கேட்டேன். எழுதுங்கள் என்றார். ஒரேயொரு நிபந்தனை வைத்தார். அது அதற்குரிய இடத்தில் வரும்.

திரைக்கு இந்தப் பக்கம்

எங்கள் கரையில் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அழுதுகொண்டு புகுந்த வீட்டுக்குப் போகும் மணப்பெண்ணை எங்கள் ஊரில் காண முடியாது. அழுவதானால் மாப்பிள்ளைதான் அழ வேண்டும். மற்ற ஊர் வாசகர்களுக்கு என் சந்தேகம் விசித்திரமாகப் படலாம். கல்முனைக்குடியில் அது மிகவும் நியாயமான சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு. புது மருமகன் முன்னால் மாமியார் நின்று கதைப்பதில்லை. இப்போது யாரும் அவ்வளவு பார்ப்பதில்லைதான். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போய் வருகிறார். என்னால் முடியவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவேன். மருமகனின் செருப்புச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினித் திரைக்குப் பின்னால் போய்விடுவேன்.

அவர் பெயர் இர்ஷாத். மருதமுனைப் பிள்ளை. நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிற வேலை. எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும், எங்கே கசியும் என்று கோடு போட்டுச் சொல்வார். அதிகம் கதைக்காத பிள்ளை. அவருக்குச் சாப்பாடு திரைக்கு இந்தப் பக்கமிருந்து போகும், மகள் ஸப்னா வாங்கிக் கொண்டு போய் வைப்பாள்.

"மகள், அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா கேளு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே. இன்னொரு அகப்பை போகும்.

பெண் வீட்டில் சாப்பாட்டை மறுத்தால் மரியாதைக் குறைவு என்று அவருடைய உம்மா சொல்லி அனுப்பியிருந்தாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

கட்டிலுக்குக் கீழே ஒரு பை

ஸப்னாவுக்கு இதற்கு முன் ஒரு இடம் பேசி முடித்திருந்தோம். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, அழைப்பும் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பிள்ளைக்கு மனமில்லையாம்" என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் இன்றுவரை உறுத்துகிறது. காரணம் தெரிந்திருந்தால் ஒரு காரணத்துக்குத்தான் பயந்திருப்பேன். தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்தேன். இப்போதும் அஸர் நேரத்தில் கேற்றடியில் யாராவது செருப்பைக் கழற்றினால் என் கை குளிர்ந்துவிடும்.

அதனால்தான் அந்தப் பை எனக்குப் பயமாக இருந்தது. மருமகன் வந்த அன்று கையில் ஒரு கறுப்புப் பை கொண்டுவந்தார். உடுப்பெல்லாம் கொக்கிகளில் தொங்கின. பை மட்டும் சிப் இழுத்து மூடியபடி கட்டிலுக்குக் கீழே இருந்தது. அறையைக் கூட்டும்போதெல்லாம் விளக்குமாற்று நுனியால் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே ஏதோ இருந்தது. பிரிக்காத பை என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். எடுத்துக்கொண்டு போவதற்கு ஆயத்தமாக இருக்கிற பை.

கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க, மருமகன் அழுறாரு."

"ஆரு சொன்ன?"

"தலகாணி சொல்லிச்சி."

"கல்யாணம் முடிச்சி பதினஞ்சி நாள்தானே புள்ள. நானும் அந்த நேரம் அழுதிருப்பன். ஒன்ட வாப்பாட பயத்தில சத்தம் வரல்ல."

மகளைக் கேட்டேன். "மகள், அவரு சந்தோசமா இரிக்காரா?"

"ஓம் உம்மா."

"இல்ல, தலகாணி ஒவ்வொரு நாளும்..."

"உம்மா!" முகம் சிவந்துபோய் எழுந்து போய்விட்டாள். எனக்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது.

நான் செய்த வைத்தியம்

வயிறு நிறைந்த ஆள் அழமாட்டார் என்பது என் கணிப்பு. இரவு இஷா தொழுதுவிட்டு மருமகன் வந்ததும் நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், பொரித்த கோழி. அதன் மேல் வட்டிலப்பம். அதன் மேல் பால் கோப்பி. கோப்பையை வைத்தவுடன் படுக்கைதான். சாப்பிடுவதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு கொட்டாவிக்குத்தான் இடமிருந்தது.

மதிலில் வட்டம் சிரட்டை அளவிலிருந்து தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ் அளவுக்கு வந்தது.

மனப்பாரத்துக்கு நல்ல வாசம் வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பொழுதுபட, மஃரிபுக்கு, அவர்களுடைய அறை யன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகை போட்டேன். கட்டிலுக்குக் கீழேயும் காட்டினேன், அந்தப் பைக்கும் சேர்த்து.

வட்டம் வளர்ந்தது.

பிறகு, இவ்வளவு ஈரம் பட்ட தலையணையில் யாருக்குத்தான் நல்ல நித்திரை வரும் என்று தோன்றியது. புது இலவம் பஞ்சு எடுப்பித்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு என் கையாலேயே அடைத்தேன். கல்லு மாதிரி, நல்ல உயரமாக. அடைத்து முடிப்பதற்குள் எத்தனை தடவை தும்மினேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று ஒரு சுகாதாரப் பாட ஆசிரியைக்கு உறைக்கவில்லை.

வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. மறு நாள் மருமகன் கந்தோருக்குப் புறப்படும்போது திரை இடுக்கால் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சினார். லேஞ்சியால் துடைத்துக்கொண்டார். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்று பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த பாடம் உமிழ்நீர்ச் சுரப்பிகள். சத்தியமாக. கரும்பலகையில் வாயைப் பெரிதாக வரைந்து, மூன்று சோடிச் சுரப்பிகளையும் குறித்து, "இவை பகலிலும் இரவிலும் சுரக்கும்" என்று வேறு எழுதினேன். எழுதிய கை என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமைப் பகல்

இனி அவருடைய உம்மாதான் வர வேண்டும் என்று முடிவெடுத்து மருதமுனைக்குப் போன் எடுத்தேன்.

"மதினி, நாளைக்கி ஜும்ஆக்குப் பொறவு பகல் சாப்பாட்டுக்கு வாங்க. மகனப் பாத்த மாதிரியும் இரிக்கும்."

"என்னகா மதினி, குரல் ஒரு மாதிரி இரிக்கி?"

சொல்லிவிட்டேன்.

"அவன் அழுறானா? அவன்ட வாப்பா மௌத்தான அண்டைக்கும் அவன் அழல்லயே மதினி!"

ஜும்ஆ முடிவதற்கு முன்பே சம்பந்தி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். கண் வீங்கியிருந்தது. மகன் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிட்டார். நான் வைத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டு முடித்து, ஹோலில் இருந்த நீட்டுக் கதிரையில் காற்றாடிக்குக் கீழே சாய்ந்துவிட்டார்.

குசினியில் நாங்கள் இரண்டு பேரும்.

"ஒங்கட மகள் என்ட புள்ளைக்கி என்ன சொன்ன?"

"என்ட மகளா? அவள் ஒண்டும் சொல்லல்ல மதினி."

"ஒரு ஆம்புள சும்மா அழுவானா? கண்ணப் பாத்தீங்களா, கொவ்வப் பழம் மாதிரி. நான் இண்டைக்கே கூட்டிட்டுப் போறன். கொஞ்ச நாள் எங்கட வீட்ட இரிக்கட்டும்."

என் கை குளிர்ந்தது. அஸர்கூட ஆகவில்லை.

"மதினி, ஊரு என்ன சொல்லும்? ஏற்கெனவே ஒருக்கா..."

சம்பந்தி திரையை விலக்கி ஹோலை எட்டிப் பார்த்தார். நானும் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். மருமகன் ஒருபக்கமாகச் சரிந்து, குஷனில் கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்தபடி நித்திரை. கண் இரண்டும் நன்றாகக் காய்ந்திருந்தன. வாயோரத்திலிருந்து கண்ணாடி நூல் மாதிரி ஒன்று இறங்கியது. நின்றது. நீண்டது. குஷனைத் தொட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு வட்டம் இருந்தது.

சம்பந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மதினி. இதயா சொன்னீங்க?"

நான் தலையாட்டினேன்.

"இது வாணிகா, நித்திரையில வடியிற எச்சில்! சின்ன வயசிலயிருந்து இரிக்கி. ஹொஸ்டல்ல இவனுக்குப் பேரே 'பைப்'!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்குத் திரையைப் பிடித்தார். எனக்கும் வந்துவிட்டது. மூன்று வாரப் பயம் முழுக்கச் சிரிப்பாக வந்தது. நானும் திரையைப் பிடித்தேன். எங்கள் இரண்டு பேரையும் தாங்குகிற பலம் அந்தக் கம்பிக்கு இருக்கவில்லை. ஆணியோடு வந்தது.

மருமகன் திடுக்கிட்டு எழுந்தபோது, அவருடைய உம்மாவும் மாமியான நானும் ஒரே திரையில் சுற்றிக்கொண்டு தரையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் எங்களைப் பார்த்தார். குஷனைப் பார்த்தார். கையால் வாயைத் துடைத்தார். விளங்கிவிட்டது. செருப்பைப் போட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் வடக்குப் பக்கமாக, மருதமுனைப் பக்கமாக, போய்த் தேய்ந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸப்னா அறையிலிருந்து வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அப்படியே நின்றாள்.

"உம்மா, நான் எவ்வளவு பாடுபட்டு மறைச்சன் தெரியுமா? ஒருவருக்கும் சொல்லாத எண்டு கெஞ்சினாரு. மதில்ல போட்டா கடல் ஈரத்துக்கு எண்டு நினைப்பீங்க எண்டுதான் போட்டன். நான் குறட்டை விடுறத அவரு ஒருவருக்கும் சொல்லல்ல. அவரு வாணி வடிக்கிறத நான் சொல்லல்ல. அதுதான் எங்கட பேச்சு!"

மருமகனின் நிபந்தனை இதுதான். தன்னுடைய கதையை எழுதினால் குறட்டையையும் எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

சம்பந்தி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"குறட்டையா? பேசி முடிக்கிற நேரம் அப்பிடி ஒண்டும் சொல்லல்லயே மதினி?"

"நீங்களும் பைப்ப சொல்லல்லயே மதினி?"

இரண்டு பேரும் திரையை மடித்து வைத்தோம்.

பைக்குள் இருந்தது

அன்று அவர் வரவில்லை. "உம்மாட வீட்ட இரிக்கன்" என்று மகளுக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமையும் வரவில்லை. எந்த நாளுக்குப் பயந்தேனோ அந்த நாளை நானே போன் எடுத்து வரவழைத்திருந்தேன்.

சனிக்கிழமைக் காலை அறையைக் கூட்டப் போனேன். பை அதே இடத்தில் இருந்தது. ஒரு மனம் சந்தோசப்பட்டது. மற்ற மனம் சிப்பை இழுத்தது. பாவம்தான், தெரியும்.

உள்ளே உடுப்பு ஒன்றுமில்லை. துவாய்கள். மருதமுனைத் தறியில் நெய்த ஐந்து சின்னத் துவாய்கள், துவைத்து நாலாக மடித்தவை. கன்னத்துக்குக் கீழே விரித்துப் படுப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்து போதும் என்று நினைத்திருப்பார். என் நெய்ச்சோற்றுக்கு முன்னால் ஐந்து துவாய் எந்த மூலைக்கு?

கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்த வீட்டில் அந்த மூன்று கிழமையிலும் உண்மையாக அழுத ஒரே ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கணவரும் நானும் மருதமுனைக்குப் போனோம். வட்டிலப்பம் கொண்டுபோகலாம் என்றேன். "புள்ள, அந்தச் சட்டிய மட்டும் கீழ வை" என்றார் கணவர்.

மருமகன் முற்றத்துக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒளிவதற்கு அங்கே எனக்குத் திரையில்லை. அவருக்கும் இல்லை.

"மகன்," என்றேன். அவரிடம் நேராகக் கதைத்த முதல் சொல். "நான் பிழையா விளங்கிட்டன். நீங்க அழுறீங்க எண்டு நினைச்சன்."

நிமிர்ந்து பார்த்தார். "அழுறதா? நானா? ஏன் மாமி?"

"எங்கட வீடு பிடிக்கல்லயாக்கும் எண்டு."

அவருடைய வாய் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மாமி, அழுறதுக்கு எனக்கு எங்க நேரம்? சாப்பிட்டு முடியிறதுக்கே பத்தரையாகிடுதே!"

அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். பிறகு, கீழே பார்த்தபடி சொன்னார். "இஞ்ச இரிக்கக்குள்ள கிழமைக்கி ஒருக்கா வரும் மாமி. அங்க வந்த பொறவுதான் ஒவ்வொரு நாளும். ஏனெண்டு எனக்கே தெரியா."

எனக்குத் தெரியத் தொடங்கியது. கரும்பலகையில் நான் வரைந்த வாய் கண்ணுக்கு முன்னால் வந்தது.

என் மாணவன் சொன்ன பாடம்

காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் எல்லாருமாகப் போனோம். உள்ளே போனால், டொக்டர் என்னைக் கண்டு எழுந்து நின்றார்.

"டீச்சர், என்னத் தெரியுதா? எட்டாம் வகுப்பில ஒங்கட பாடத்தில மேசையில படுத்து வாணி வடிச்சனான். எல்லாரையும் வந்து பாக்கச் சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. மருமகன் அவரை ஒரு தோழரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்த நேரம் எனக்கு மூக்கடைப்பு டீச்சர்," என்று சிரித்துக்கொண்டே ஒரு சின்ன வெளிச்சத்தை மருமகனின் மூக்குக்குள் பிடித்தார். "இவருக்கும் அதுதான். உள்ளுக்கு வீங்கியிரிக்கி."

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். விழித்திருக்கும்போது எச்சிலை நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். நித்திரையில் விழுங்குவது குறைந்துபோகும். மூக்கு அடைத்திருந்தால் வாயால் மூச்சு விட வேண்டும், வாய் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் ஒருபக்கமாகவோ குப்புறவோ படுத்தால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். இதை மருமகனுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை, அவருடைய தொழிலே அது. தூசியும் புகையும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூக்கு இன்னும் அடைக்கும். இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலே வரும், அதைக் கழுவ வாய் இன்னும் எச்சில் சுரக்கும். டொன்சில் வீக்கம், பல்லில் சீழ், சில மருந்துகள் இவையும் காரணமாகலாம் என்றார்.

"வீட்டில புகை போடுறீங்களா?"

ஸப்னா என்னைப் பார்த்தாள்.

"தலகாணி பஞ்சா? புதுசா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"ராச் சாப்பாடு எத்தின மணிக்கி? என்ன சாப்பாடு?"

மருமகன் மட்டும் சுவரைப் பார்த்தார். நல்ல பிள்ளை.

"டீச்சர்," என்றார் டொக்டர், பேனையை மூடிக்கொண்டு, "இவருக்கு எழுதுற மருந்தில பாதிய ஒங்களுக்குத்தான் எழுதணும்."

மூக்குக்கு அடிக்கிற மருந்தொன்றைத் தந்தார். கொதித்தாறிய தண்ணீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவச் சொன்னார். படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாடு முடிய வேண்டும், அதுவும் அளவாக. தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, முடிந்தவரை மல்லாந்து படுக்க வேண்டும். சாம்பிராணி வேண்டாம். பஞ்சுத் தலையணைக்குப் பதிலாகக் கழுவக்கூடியது வேண்டும். பல்லையும் ஒருமுறை காட்டிக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். அதையும் சிரிப்பில்லாமலே எழுதுகிறேன். இதுவரை இல்லாத ஒருவருக்குத் திடீரென்று எச்சில் வடிந்து, கூடவே வாய் ஒருபக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் சோர்ந்தாலோ, காலை வரட்டும் என்று பார்க்கக்கூடாது. அந்த நிமிடமே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கவே கஷ்டப்படுகிறவர்களும் காட்ட வேண்டும். பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதுவும் சும்மா விடுகிற விசயமில்லை.

"குறட்டை இவருக்கா?"

"இல்ல டொக்டர்," என்றார் மருமகன், முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. "அது வேற ஆள்."

ஸப்னா அவருடைய காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. அவளையும் சோதித்தார்கள். மூச்சு நிற்கவில்லை, வெறும் சத்தம்தான். அல்ஹம்துலில்லாஹ்.

நீலப் பூ போன வழி

இப்போது எங்கள் வீட்டில் மஃரிப் முடிந்ததும் சாப்பாடு. பிறகு மருமகனும் மகளும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார்கள். புகைச் சட்டி கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டது. வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் காணாமலே போனது. இன்னும் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மதிலில் ஒரு தலையணை காயத்தான் செய்கிறது. யாருடையது என்று நான் பார்ப்பதில்லை. சில நாள் அது என்னுடையது.

குசினி வாசலுக்குத் திரை திரும்பப் போடவில்லை. ஆணி அடிக்க நேரமில்லை என்கிறார் கணவர்.

புதுத் தலையணைகள் வந்த கிழமை, ஒரு காலையில் கோழிக்குத் தீன் வைத்துக்கொண்டிருந்தேன். மருமகன் அறையிலிருந்து வந்தார். தோளில் அந்தக் கறுப்புப் பை. புடைத்திருந்தது. கேற்றுப் பக்கம் நடந்தார்.

தீன் கோப்பை கையிலிருந்து நழுவியது. "எங்க மகன்?"

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். சிப்பை இழுத்துக் காட்டினார். உள்ளே நீலப் பூ.

"உம்மாக்கு இந்தத் தலகாணி வேணுமாம் மாமி. அவட மூக்குக்குப் பஞ்சு ஒண்டும் செய்யாதாம். குடுத்துட்டு அப்பிடியே கந்தோருக்குப் போறன்."

"துவாயெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், பையைத் திறந்து பார்த்ததை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று விளங்கியது.

அவர் சிரிப்பை மறைக்கக் குனிந்து சிப்பைப் பூட்டினார். "அலுமாரிக்குள்ள வெச்சிட்டன் மாமி. ஸப்னா ஒரு தட்டு ஒதுக்கித் தந்தா."

அன்று மஃரிபுக்குப் பிறகு நானே சோற்றுச் சட்டியோடு மேசைக்குப் போனேன். முதல் அகப்பை வைத்தேன். இரண்டாவது வைத்தேன். மூன்றாவதை எடுத்தேன்.

மருமகன் சோற்றுக் கோப்பைக்கு மேல் கையை விரித்தார்.

"மாமி, காணும். இனி வேணாம்."

அகப்பையைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, எதிர்க் கதிரையை இழுத்து நானும் உட்கார்ந்தேன்.